காலையில் சுற்றிய ராட்டினம்

அது 1998-ஆம் ஆண்டின் கோடை. நான் நான்காம் வகுப்பு முடித்திருந்தேன். தம்பிக்கு ஆறு வயது. இந்த இரண்டையும் வைத்து ஆண்டைச் சரிபார்த்துக்கொண்டேன். தம்பியைப் பள்ளியில் சேர்க்கப் போன நாளின் கிழமைதான் தகராறு. செவ்வாய் என்கிறார் மாமா. செவ்வாய்க்கிழமையில் அம்மா ஒரு புதுத் துடைப்பம்கூட வாங்க மாட்டாள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவா கிளம்பியிருப்பாள்? திங்களோ புதனோ என்று வைத்துக்கொள்கிறேன்.

தம்பிக்கு உடம்பு ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டிவிட ஆள் இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே தன்னைத் தானே சுற்றிக்கொள்வான். தெருப்பிள்ளைகள் நாலு சுற்றில் தள்ளாடி விழுவோம். அவனுக்குத் தலை சுற்றி நான் பார்த்ததே இல்லை. அசைவு நின்றால் அலறல், சுவரில் தலையை மோதுவது. அதனால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் எங்கள் வீட்டில் சேலைத் தொட்டில் தொங்கியது. கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டில் கயிற்றை ஒரு கையில் இழுத்தபடியே அம்மா அரிசி களைவாள், கீரை ஆய்வாள், கண்ணயர்வாள். கை நின்றதும் அவன் அலறுவான். கண் திறக்குமுன்பே அம்மாவின் கை மறுபடி இழுக்கத் தொடங்கியிருக்கும். அப்பாவுக்கு லாரி ஓட்டும் வேலை. மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது இருப்பார்.

ஆட்டிசம் என்ற சொல் எங்கள் வீட்டுக்கு வந்துசேர அதன்பிறகு பல வருடங்கள் ஆயின. வயிறு சோற்றுக்குப் பசிப்பதைப் போல உடம்பு அசைவுக்குப் பசிக்கிற பிள்ளைகள் உண்டு என்பதையும், அவர்கள் வரிசையில் நிற்காமல் ராட்டினம் ஏறச் சில பெரிய பூங்காக்களில் வழி செய்திருக்கிறார்கள் என்பதையும் பின்னால்தான் படித்தேன். அன்று எங்களுக்குக் கிடைத்தது மாமாவின் வைத்தியம்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. பழங்காநத்தத்தில் எங்கள் தெருமுனையில் ஸ்கூட்டர் பட்டறை வைத்திருந்தார். எந்த ஆசையும் திகட்டிவிட்டால் தீர்ந்துபோகும் என்பது அவர் கட்சி. சிறுவயதில் அதிரசத்துக்கு அலைந்த அவரை ஒரு சித்தப்பா உட்காரவைத்துத் தூக்குவாளி நிறைய அதிரசம் தின்னவைத்தாராம். அன்றோடு அதன் வாசனையே ஆகாமல் போயிற்றாம். அந்தக் கோடையில் பட்டறைக்குப் பின்னாலிருந்த காலி மனையில் ராட்டினக்காரர்கள் வந்து இறங்கியதும், மாமா வீட்டுக்கு ஓடிவந்தார்.

"அக்கா, இன்னைக்கு இவனத் திகட்டத் திகட்டச் சுத்தவிட்டுருவோம். நாளைக்கு நீயே கூப்பிட்டாலும் தொட்டில் பக்கம் வரமாட்டான் பாரு."

அது குடை ராட்டினம். பெரிய குடைபோன்ற கூரையிலிருந்து மரக்குதிரைகள் தொங்கும். ஆட்கள் இரும்புக் கம்பியைப் பிடித்துத் தள்ளிச் சுற்றுவார்கள். சின்னப் பிள்ளை தனியே உட்காரக் கூடாது என்றதால் மாமாவும் ஏறினார். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் மற்றவர்கள் இறங்கினார்கள், இவர்கள் இறங்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் மாமா மட்டும் வெளிறிப்போய் இறங்கி, வேலியோரம் குனிந்து வாந்தியெடுத்தார்.

"என்ன மாப்ள, திகட்டிருச்சா?" என்று சிரித்தார் ராட்டினத்துக்குச் சொந்தக்காரர்.

"எனக்குத் திகட்டி என்னண்ணே புண்ணியம்? அவனப் பாருங்க, இப்பத்தான் மாலை போட்ட மாப்பிள்ள மாதிரி உக்காந்துருக்கான்."

பிறகு நான் துணைக்கு ஏறிக்கொண்டேன். போதும் என்று ஆனபோது தம்பி தானாகவே இறங்கினான். வீட்டுக்கு வந்து தரையில் அமைதியாக உட்கார்ந்தான். தட்டில் போட்டதைத் தானே எடுத்துத் தின்றான். அம்மா அவன் நகத்தை வெட்டினாள்; யாரும் பிடித்து அமுக்காமல் அவனுக்கு நகம் வெட்டியதை அன்றுதான் பார்த்தேன். வைத்தியம் பலித்துவிட்டது என்று மாமா தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் தம்பி மறுபடி சுற்ற ஆரம்பித்திருந்தான்.

மாமாவுக்கு முகம் விழுந்துவிட்டது. அம்மா மட்டும் வேறொன்றைக் கவனித்திருந்தாள். ராட்டினத்தை விட்டு இறங்கிய பிறகு கொஞ்ச நேரம் அவன் உட்கார்கிறான்.

திருநகர்ப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது. பையன் பெஞ்சில் உட்காருகிறானா பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்வதாக அங்கிருந்த பெரிய டீச்சர் சொல்லியிருந்தார். வேறு பள்ளிகளில் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். பகலில் சில மணி நேரமாவது அந்தத் தொட்டில் கயிறு கையை விட்டு இறங்க வேண்டும். அம்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் டீச்சர் வரச்சொன்னது காலையில், ராட்டினம் ஓடுவதோ சாயங்காலம். மாமா போய்க் கேட்டுப் பார்த்தார்.

"காலையிலயா? ராத்திரி ஆட்டம் முடிஞ்சு படுத்தாய்ங்கன்னா உச்சி வெயில்லதான் என் பசங்க எந்திரிப்பாய்ங்க. வேணும்னா நீங்களே தள்ளிக்கங்க மாப்ள. அதுவும் இந்த வாரந்தான். ஸ்கூல் தொறக்குறதுக்குள்ள தேனிப் பக்கம் போயிருவோம்."

அந்தக் காலையில் மனையே காலியாகக் கிடந்தது. ஆட்கள் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தம்பியைக் குதிரையில் உட்காரவைத்து, பிடித்துக்கொள்ள நான் பின்னால் ஏறினேன். மாமா கம்பியைப் பிடித்துத் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிவிட்டார். வட்டமாக நடந்தாலே இப்போது அவருக்குக் குமட்டியது. அவருடைய வைத்தியம் அவருக்கு மட்டும் பலித்திருந்தது.

"நீ நகரு, நான் தள்ளுறேன்" என்று அம்மா முன்னால் வந்தாள். பள்ளிக்கூடத்துக்கென்று கட்டியிருந்த நல்ல சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். நிற்காமல் தள்ளினாள். அம்மாவும் எங்களோடு விளையாடுகிறாள் என்ற சந்தோஷத்தில் நான் "இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்று கத்தினேன். தார்ப்பாய்க்குள்ளிருந்து ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்.

பஸ் பிடித்துத் திருநகர் போனோம். தம்பி பெஞ்சில் உட்கார்ந்தான். டீச்சர் கொடுத்த சாக்பீஸை வாங்கிப் பலகையில் கோடு இழுத்தான். பெரிய டீச்சருக்கே ஆச்சரியம்.

"இவனையா உக்கார மாட்டான்னு சொன்னீங்க? தங்கமா இருக்கான். ஸ்கூல் தொறந்ததும் கூட்டிட்டு வந்துருங்கம்மா. தினமும் இப்படி இருந்தாப் போதும்."

"தினமுமா டீச்சர்?" என்றாள் அம்மா.

"பின்ன? ஞாயித்துக்கிழமைதான் லீவு." டீச்சர் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அம்மா நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் பஸ் வந்து நின்று போயிற்று; அவள் எழவில்லை. தம்பி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மெல்ல முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியிருந்தான். கம்பியைத் தள்ளிச் சிவந்திருந்த உள்ளங்கைகளை அம்மா மடியில் விரித்து வைத்திருந்தாள்.

"இடம் கெடச்சிருச்சுல்லம்மா?" என்றேன்.

"கெடச்சிருச்சு பாப்பா."

ராட்டினம் தள்ளிய களைப்பு, கொஞ்சம் உட்கார்ந்தால் போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன். கொண்டுவந்திருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அம்மாவிடம் நீட்டினேன்.