வேம்பில் ஓர் இடம்

அண்ணாவின் சாம்பலைக் கடலில் கரைப்பதற்காக முதல்நாளே முல்லைத்தீவுக்குப் போனேன். அலுவலர்கள் தங்கும் பெரிய ஹோட்டலில் குளிரூட்டிய அறை கிடைத்தது. ஆனால் சாம்பல் இருக்கும் மண்முட்டியை எங்கள் வழக்கப்படி வீட்டுக்குள் வைப்பதில்லை, மரத்தில்தான் கட்டுவோம். அங்கே வெளியே கார் நிறுத்துமிடம் மட்டுமே இருந்தது.

அடுத்த தெருவில் இராசேஸ்வரி அக்கா நான்கு அறைகளோடு ஒரு சிறு விடுதி நடத்துகிறார். தயங்கியபடியே முட்டியைக் காட்டினேன்.

"இது ஆர், பிள்ளை?"

"அண்ணா."

"அப்ப ரெண்டு பேரெல்லோ வந்திருக்கிறியள்! முதல்ல அவருக்கு இடம் பாப்பம்."

முட்டியைத் தானே வாங்கி, முற்றத்து வேம்பில் வெள்ளைத்துணியால் கட்டினார். கீழே விளக்கேற்றினார்.

"எங்கட இவருக்கு இதைச் செய்யக் கிடைக்கேல்ல. சண்டையில உடம்பே கிடைக்கேல்ல."

விடிந்ததும் நான் கேட்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குக் கூடவே வந்தார். தனியாகத்தான் போகவேண்டியிருக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்.