தங்கத்துக்கு ஊற்றிய குடிதண்ணீர்

எங்கள் சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பின்னால், சுண்டுவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிப் புட்டி இருக்கிறது. உள்ளே மாதுளம்பழச் சாறு போலச் சிவந்த தண்ணீர். என் மைத்துனர் ஒருமுறை அதைத் திறக்கப் பார்த்தார். "வெச்சுருங்க மாப்ள, அது தங்கம்" என்றேன். என்னை நன்றாகத் தெரிந்தவர், அதனால் நம்பவில்லை. நான் உண்மை பேசும்போதெல்லாம் இப்படித்தான் ஆகிறது. ஆனால் பேச வேண்டிய இடத்தில் ஓர் உண்மையைப் பேசாமல் விட்டதற்கு இது சாக்காகாது.

ஐந்தாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவன் நான். அந்த வகுப்பை என்னளவுக்கு ஆழமாகப் படித்தவர்கள் திருப்பூரில் இருக்க மாட்டார்கள். பனியன் கம்பெனியில் வாய்த்துடுக்கால் வேலை போன பிறகு, பல்லடம் ரோட்டில் ஒரு கல்லூரியின் வேதியியல் கூடத்தில் குடுவை கழுவச் சேர்ந்தேன். அங்கே ஆராய்ச்சி செய்தவர் மேடம். பல்லடத்தில் தறி ஓட்டுகிற குடும்பத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவர், அண்ணா என்பார். மெஸ்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயிலிருந்து டீசல் எடுக்கிறவர்களிடம் கிளிசரின் கழிவாகத் தேங்கிவிடும். தங்கத்தைத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பொடியாக்கி, கரித்தூள்மேல் ஒட்டவைத்து, அந்தக் கிளிசரினில் போட்டு ஆக்சிஜன் ஊதினால், அது மருந்துக்கு உதவுகிற அமிலமாக மாறும் என்றார். தங்கம் செலவாகாதாம், கூட நின்று காரியத்தை முடித்துக் கொடுக்குமாம்.

"சும்மா நின்னே வேலைய நடத்துதுங்களா மேடம்? அப்ப எங்க பழைய சூப்பர்வைசராட்டங்க."

"உங்க சூப்பர்வைசரு தூங்குவாருங்களாண்ணா? தங்கமும் தூங்கும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாச்சுன்னா அவ்வளவுதான். சிவப்பா இருந்தா முழிச்சிருக்குதுன்னு அர்த்தம், நீலமாப் போச்சுன்னா தூங்கீருச்சு."

அந்தச் சிவப்பு முதல் தடவையே வந்தது. அமிலமும் வந்தது. துறைத்தலைவர் ஊரெல்லாம் சொன்னார். பணம் கொடுக்கிற குழு வந்து நேரில் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்குள் இன்னொரு முறை செய்து காட்ட வேண்டும், இல்லையென்றால் மேடத்தின் ஆராய்ச்சி அதோடு முடிந்தது.

அந்த வாரம்தான் நான் மெஷினை ஓடவிட்டு டீ குடிக்கப் போனேன். மேடத்தின் வேலைக்குத் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கிற மெஷின் அது, தண்ணீர் வற்றி, உள்ளே சூடேற்றும் கம்பிச்சுருள் கருகிவிட்டது. சொன்னால் வேலை போகும். ஸ்விட்சைப் போட்டால் விளக்கு மட்டும் எரிந்தது. எரிகிற விளக்கை யார் சந்தேகப்படப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். வடித்த தண்ணீர் பிடித்து வைக்கிற கேன் காலி, அதில் போர்வெல் தண்ணீரை ஊற்ற மனம் வரவில்லை. அது உப்புத் தண்ணி என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை குழாயில் வருகிற நல்ல தண்ணியை, என் மனைவி துணி போட்டு மூடிக் காப்பதை, இரண்டு குடம் வண்டியில் கொண்டுவந்து ஊற்றினேன். விருந்தாளிக்குக் கொடுக்கிற தண்ணீர் தங்கத்துக்கு ஆகாதா என்று எனக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

அன்று குடுவை நீலமானது. மறுநாளும் அப்படியே. மேடம் மருந்துப் புட்டிகளை மாற்றினார், தராசைச் சரிபார்த்தார், மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே திரும்ப எடுத்துப் போனார். ஒருநாள் கேனைப் பார்த்தபடி கேட்டார்.

"ஏனுங்கண்ணா, இது மெஷின் தண்ணிதானுங்களே?"

"ஆமாங்க மேடம்."

யோசிக்கக்கூட இல்லை. நாக்கு தானாகச் சொன்னது. குழு வந்து நீலத்தைப் பார்த்துவிட்டுப் போனது. அன்று மாலை துறைத்தலைவர் மேடத்திடம் மெதுவாகத்தான் கேட்டார்: "மொதத் தடவ வந்தது, நெசமாவே வந்துதாம்மா?" பக்கத்துத் தொட்டியில் நான் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் அதே குடுவையைக் கழுவினேன்.

முதலில் வந்ததைத் தன்னால் திரும்பச் செய்ய முடியவில்லை என்று மேடமே எழுதிக் கொடுத்துவிட்டார். மூட்டை கட்டுகிற அன்றைக்குத்தான் எனக்கு வாய் திறந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நல்ல தண்ணிலயும் உப்பு இருக்குங்கண்ணா. நம்ம நாக்குக்குத் தெரியாது."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பேட்டரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீரை வாங்கிவரச் சொல்லி, அங்கேயே கலக்கினார். கண்ணெதிரே சிவந்தது. அதில் கொஞ்சம் இந்தப் புட்டியில் ஊற்றி என் கையில் கொடுத்தார்.

"இத சார் மேசைல வெச்சு நடந்ததச் சொல்லீருங்கண்ணா. நாஞ் சொன்னா சாக்குன்னுவாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

போனேன். கதவைத் தட்டினேன். துறைத்தலைவர் நிமிர்ந்து, "என்னப்பா?" என்றார். சட்டைப்பையில் புட்டி கனத்தது.

"டீ வேணுங்களா சார்?"

மறுநாள் மேடம் போன் செய்தார்.

"சொல்லீட்டீங்களாண்ணா?"

"சொல்லீட்டனுங்க மேடம்."

"சார் என்ன சொன்னாருங்க?"

"கூப்பிடறேன்னாருங்க."

சார் கூப்பிடுவார் என்கிற அந்தப் பொய்யை எதற்குச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. எத்தனை நாள் அந்த அழைப்புக்காகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ. அதற்குப் பிறகு ஒருமுறை பல்லடம் பஸ்ஸில் பார்த்தேன். சாயப்பட்டறை ஒன்றில் தண்ணீர் சோதிக்கிற வேலையாம். "குழந்தைக நல்லாருக்குதுங்களாண்ணா?" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. எதற்கும் சிரிப்புக் காட்டுகிறவன் நான், அன்று இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

புட்டி நீலமானால் தூக்கி எறிந்துவிடலாம் என்று காத்திருக்கிறேன். இன்று காலை குழாயில் நல்ல தண்ணி வந்தது. குடத்தை அடியில் வைத்துவிட்டு, உப்பு ஜாடியை நகர்த்தி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அன்று எப்படியோ, அப்படியே சிவப்பாக இருக்கிறது.