புளியங்கொட்டைப் பசையில் ஹவுரா பாலம்

நாளை காலை எங்கள் குடியிருப்பில் கண்காட்சி. என் அட்டை ஹவுரா பாலம் பாதியில் நின்றது, பசை தீர்ந்துவிட்டிருந்தது.

கரியாஹாட் கடைத்தெருவில் மாடல் பசைக்குச் சொன்ன விலைக்கு நிஜப் பாலத்துக்கே பெயின்ட் அடிக்கலாம்.

துர்கா சிலைகளுக்கு வண்ணம் பூசும், என்னை அண்ணா என்ற பொருளில் 'தாதா' என்றே அழைக்கும் கீழ்வீட்டு மானிக்தா சொன்னார்: "புளியங்கொட்டையைக் காய்ச்சுங்க தாதா. எங்களுக்கெல்லாம் அதான் பசை."

லேக் மார்க்கெட் தமிழ்க் கடைக்கு ஓடினேன்.

"கொட்டை எடுத்த புளிதான் சார் இருக்கு."

"எடுத்த கொட்டை எங்க?"

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஒரு பை நிறையக் கொடுத்தார்.

வறுத்து, பொடித்து, காய்ச்சி ஒட்டினேன். நன்றாகவே பிடித்தது. ஆனாலும் பிய்ந்துவிடுமோ என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தபடி இருந்தேன்.

இப்போது பாலத்தில் போக்குவரத்து தொடங்கிவிட்டது. சாரை சாரையாக எறும்புகள்.

விரட்ட வழி தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். மஞ்சள்தூள் என்று மட்டும் வேண்டாம், பாலம் வெள்ளி நிறம்.