விழுவதற்காக அடுக்கிய கல்

கரை அரிப்பு பார்க்கப் போகிற நாளில் பேருந்தில் சன்னலோரம் கிடைத்துவிட்டால் எனக்கு வேறொன்றும் வேண்டாம். அம்பாசமுத்திரத்தில் வண்டி மாறி ஆழ்வார்குறிச்சிப் பாதையில் திரும்பியதும் மலை பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மலை அசையாது என்கிறார்கள். அது இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் ஒரு பிடி மணலாக, ஓடை ஓடையாகத் தாமிரபரணிக்கு நடந்து போகிறது. வழியில் அதை எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தக் கூடாது என்று சொல்வது என் பிழைப்பு. தடுப்பணை, கரைச்சுவர், கலுங்கு எதையும் நான் கட்டுவதில்லை. போய்ப் பார்ப்பேன். தண்ணீரை வெகுநேரம் பார்ப்பேன். பிறகு சொல்வேன்.

"சொல்லுததுக்கு மட்டும் ஒரு ஆளா?" என்றுதான் அந்த எலுமிச்சைத் தோட்டத்துக்காரரும் முதல் நாள் கேட்டார். வளைகுடாவில் கட்டடம் கட்டுகிற இடங்களில் வாலிபத்தைச் செலவழித்துவிட்டு வந்தவர். வந்ததும் ஓடைக்கரையில் தோட்டம் வாங்கினார். தோட்டத்தின் ஓரத்தில் கல் கட்டிய கிணறு. அந்த வட்டாரத்தில் கோடையிலும் வற்றாத கிணறு அது ஒன்றுதான். ஓடை வளைந்து திரும்புகிற இடத்தில், வளைவின் வெளிப்பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு ஐப்பசிக்கும் கரை கொஞ்சம் உதிர்ந்து, ஓடை கிணற்றை நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர் சும்மா இருக்கவில்லை. ஆளுயரத்துக்குச் சுவர் எழுப்பியிருந்தார். நான் போனபோது அது உட்கார்ந்தபடி தூங்கிப்போனவரின் தலை மாதிரி ஓடைப்பக்கம் சாய்ந்திருந்தது.

"சுவர்ல ஒரு கீறல் இல்ல பாத்துக்கிடுங்க, இஞ்சினியரம்மா. பெறவு ஏன் சாயுது?"

"தண்ணி சுவரத் தள்ளல அண்ணாச்சி. காலத் தோண்டுது."

ஓடை வளைவில் தண்ணீர் வெளிக்கரையில் மோதிக் கீழ்நோக்கிச் சுழலும். அடிமணலை அள்ளிக்கொண்டு போகும். சுவர் எவ்வளவு உயரம் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சாய்ந்ததை எடுத்துவிட்டுச் சரிவாகக் கரை அமைக்கச் சொன்னேன். கரையின் காலடியில், ஓடைக்குள் நீட்டி, பெரிய கற்களை அகலமாகப் பரப்பி அடுக்க வேண்டும். சிமெண்டு கூடாது. தண்ணீர் இந்தக் கல் படுக்கையின் ஓரத்தைத் தோண்டும்போது ஓரத்துக் கல் அந்தப் பள்ளத்தில் சரியும். அடுத்தது அதன்மேல் சரியும். தோண்டிய பள்ளத்துக்குத் தோண்டிய தண்ணீரே கல் போர்த்திவிடும். அதற்கு மேல் தோண்ட முடியாது.

"அப்போ விழணும்னே அடுக்குதோமா?"

"ஆமா. விழுததுதான் அதுக்கு வேலை."

அவர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "உங்கள மாதிரியே விழுந்து கெடந்து வேல செய்யுத கல்லு போல," என்றார்.

ஆவணியில் கல் வந்து இறங்கியது. புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை பார்க்கப் போனேன். கேட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டேன். என் கற்களைக் காணோம். கிணற்றடியிலிருந்து ஓடை வரைக்கும் வழுவழுவென்று சிமெண்டுத் தரை. ஓரத்தில் சிவப்புச் சாயப் பட்டை. நடுவில் நாற்காலி போட்டால் மலை முழுசாகத் தெரியும். கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. கொக்கு ஒன்று வந்து இறங்கி, கால் வழுக்கியதுபோல யோசித்துவிட்டுப் போனது.

"எப்படி?" என்றார், சிரிப்பை அடக்க முடியாமல்.

மகளுக்கு நிச்சயம் பேச மறுவாரம் மேலப்பாளையத்திலிருந்து வருகிறார்களாம். எங்கள் பக்கத்தில் பூசாத சுவர் என்றால் வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். வேலை பாதியில் நிற்கிறது என்றால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். சம்பந்தம் பேச வருகிறவர்கள் காப்பி குடிப்பதற்கு முன்பே சுவரைத்தான் பார்ப்பார்கள்.

"கல்லக் குமிச்சுப் போட்ட மாதிரி கெடந்தா என்ன நெனைப்பாஹ? அதான் கொத்தனாரக் கூப்புட்டு இடுக்கெல்லாம் அடைச்சு மேல ஒரு பூச்சு. இப்ப இரும்பு மாதிரி இருக்கு பாருங்க."

"இரும்பு மாதிரி இருந்தா எப்படி விழும், அண்ணாச்சி?"

சிரிப்பு போய்விட்டது. கற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் தண்ணீர் அடியில் நுழைந்து மணலை எடுத்துவிடும். தரை மேலே அப்படியே நிற்கும். அடியில் குகை பெருகிக்கொண்டே கிணறு வரைக்கும் போகும். ஒரு நாள் எல்லாம் சேர்ந்து இறங்கும். இதைப் பையச் சொன்னேன். சொல்லும்போதே மேற்கே மேகம் கட்டுவது தெரிந்தது.

"நிச்சயம் முடியட்டும். மறுநாளே ஒடைச்சிருதேன்."

"மழ அதுக்கு முன்னால வந்துட்டுன்னா?"

அவர் கிணற்றைப் பார்த்தார். "என் வயசெல்லாம் அங்கன மணல்ல போச்சும்மா. திரும்பக் கெடைச்சது இந்தத் தண்ணி ஒண்ணுதான்."

"அப்போ எத வச்சுக்கிடணும்னு நீங்களே சொல்லுங்க," என்றார் மனைவி. "தரையையா, தண்ணியையா? வாரவுஹளுக்குக் காப்பி போடக் கெணறு வேணும்லா?"

கடைசியில் பாதிக்குப் பாதி பேசினோம். ஓடைப்பக்கத்துப் பாதியை உடைத்துக் கல்லைக் கல்லாகப் பிரித்துவிடுவது, நாற்காலி போடக் கரைப்பக்கத்துப் பாதி இருக்கட்டும். முதலில் விழ வேண்டியவை ஓரத்துக் கற்கள்தான் என்பதால் நானும் ஒத்துக்கொண்டேன், அரைமனதாக.

கடப்பாரை விழும் ஒவ்வொரு முறையும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். சிவப்புப் பட்டைதான் முதலில் போனது.

நிச்சயத்துக்கு வந்தவர்கள் உடைசலைப் பார்த்து என்ன கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. "ஓடைக்காவ விட்டுருக்கோம்னு சொன்னேன்," என்றார் அந்த அம்மா. "மாப்பிள்ளயோட வாப்பா ரொம்ப நேரம் ஓடையவே பாத்துக்கிட்டு இருந்தாஹ. பெறவு இன்னொரு காப்பி கேட்டாஹ."

ஐப்பசியில் ஒரு காலை நேரம் போன் வந்தது. பின்னணியில் தண்ணீர்ச் சத்தம்.

"கல்லு போவுதும்மா! ஒண்ணொண்ணா உள்ள போவுது!"

"போவட்டும் அண்ணாச்சி. வாரேன்."

போய்ச் சேர்ந்தபோது ஓடை செம்மண் நிறத்தில் கரை முட்டிப் போய்க்கொண்டிருந்தது. கிணற்று விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் குடையில்லாமல் நின்றார். கல் படுக்கையின் வெளி ஓரத்தில் இருந்த கல் ஒன்று, யாரோ அடியில் இருந்து கூப்பிட்டதுபோல, மெல்லத் தலை கவிழ்ந்து உள்ளே இறங்கியது. அடியில் கல்லோடு கல் உரசும் ஓசை காதில் விழவில்லை, உள்ளங்காலில் ஏறியது. நான் கண்ணை மூடினேன். கலங்கலுக்குள் கற்கள் திரும்பித் திரும்பித் தங்களுக்கான இடம் தேடுவதும், ஒன்றின் இடுப்பில் இன்னொன்று சாய்வதும், மலையை விட்டு வந்த மணல் அவற்றைத் தொட்டுவிட்டு விலகிப் போவதும் தெரிந்தன. தெரிந்தன என்று எழுதுகிறேன். உண்மையில் ஒன்றும் தெரியவில்லை. கீழே கற்கள் உட்காருகின்றனவா, அடித்துக்கொண்டு போகின்றனவா என்று மேலே நிற்கிற யாராலும் சொல்ல முடியாது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எதையும் காட்டாமல் நிற்பது என் தொழிலில் யாரும் சொல்லித்தராத பாதி.

மதியத்துக்குமேல் ஓரத்துக் கற்கள் விழுவது நின்றது. நாங்கள் நகரவில்லை. வேறு கல் விழவில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு மறுபடி போனேன். ஓரம் முழுக்கப் பள்ளத்துக்குள் சரிந்து, ஆற்றில் இறங்கும் படித்துறை போலச் சாய்வாகப் படிந்திருந்தது. கரை ஒரு சாண் கூட உதிரவில்லை. அந்த அம்மா வாளியை இறக்கினார். கிணற்றுக் கட்டில் எங்காவது விரிசல் விழுந்திருந்தால் தண்ணீர் கலங்கியிருக்கும். மூவரும் வாளிக்குள் குனிந்து பார்த்தோம். அடித்தகரத்தில் இருந்த துரு கூடத் தெரிந்தது.

அவர் ஒரு மிடறு குடித்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மீதமிருந்த பாதித் தரையில் கடப்பாரையை ஓங்கினார்.

"பைய, பைய," என்றார் மனைவி. "காலுல போட்டுராதிய. கல்யாணத்துக்கு நடக்கணும்லா."