தந்தியைத் தொடாத வில்

எமிலுக்குப் பதினோரு வருடமாக ஒரே பிழைப்பு, நடிகைகளை அழவைப்பது. ஹாலிவுட்டில் படங்கள் ஊமையாக இருந்தவரை, காமிரா ஓட ஓடப் பக்கத்தில் நின்று வயலின் வாசிப்பார். அவர்களுக்குக் கண்ணீர் தானாக வரும். இப்போது படம் பேசுகிறது. படப்பிடிப்பு அரங்கில் யாரும் இருமக்கூடக் கூடாது, மைக் பிடித்துவிடும். ஆனாலும் நடிகை கோராவுக்கு ஒத்திகையில் அவர் வாசிக்க வேண்டும். அந்த ஒருத்தியால்தான் எமிலுக்கு இன்னும் வேலை இருந்தது.

அன்றைக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக அவள் அழ வேண்டும். சத்தம் விழும் என்று மின்விசிறிகளையும் நிறுத்தியிருந்தார்கள். விளக்குச் சூட்டில் எல்லோரும் வெந்துபோனார்கள். எட்டு முறை எடுத்தாயிற்று. ஒத்திகையில் வரும் அழுகை, மணி அடித்து அரங்கம் அடங்கியதும் வற்றிவிடுகிறது.

டைரக்டர் பிரிஸ்காட் சலித்துப்போய்ச் சொன்னார்: "ஏம்மா, இன்னிக்கு அழுதுடுவியா? இல்லன்னா நாளைக்கு வேற ஆளப் பாக்க வேண்டியதுதான்."

கோரா எமிலிடம் வந்தாள். "சும்மாவாவது என் கண்ணு முன்னாடி நில்லுங்க எமில். எனக்கு ஒண்ணுமே வரல."

ஒன்பதாவது முறை, எமில் மைக்குக்குப் பின்னால் நின்று, வயலின் தந்தியைத் தொடாமல் வில்லை இழுத்தார். அவள் கண் கலங்கியது. அதற்குள் ஒலிப்பதிவு அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தான்.

"யாருய்யா தரையத் தட்றது?"

எமிலின் கால்தான். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அது தாளம் போடும்.

"பாட்டே இல்ல, இதுல தாளம் வேறயா?" என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள். எமிலுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. ஷூவைக் கழற்றினார். காலுறைக் கிழிசலில் கட்டைவிரல் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

பத்தாவது முறை கோரா அழுதாள். கேட்காத பாட்டு முடியும்வரை தேம்பித் தேம்பி அழுதாள்.

பிரிஸ்காட்டுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா, வயலின் இல்லாமலே அழுதுட்ட. இனிமே எமில் எதுக்கு? நாளையிலேருந்து வரவேண்டாம்னு சொல்லிடலாம்."

"அவரு நின்னதாலதான் சார் வந்துச்சு."

"நிக்கிறதுக்கா சம்பளம்?"

கோரா தரையைப் பார்த்தாள். அவளுக்கும் நாளைக்கு வேலை வேண்டும். எமில் குனிந்து ஷூவை மாட்டினார். ஒரு காலில் கயிறு கட்டி முடிப்பதற்குள் பிரிஸ்காட்டின் குரல் கேட்டது.

"எதுக்கும் இன்னொரு தடவ எடுத்துடலாம்."

கோரா எமிலைப் பார்த்தாள். அவர் கயிற்றை அவிழ்த்து, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வில்லை எடுத்தார்.