பாலைவனத்துக்குப் போகலாமா, டாக்டர்?

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் கணவர் குணசேகரன், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கணினிக் கடையில் வேலை செய்யும் என் தம்பி மனோ, பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா பாத்திமா காக். வேறு யாரும் இல்லை. நாங்கள் மூன்று பேர் பக்கத்தில் இருந்தும் அவர் தண்ணீர் குடித்தது எங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அதனால்தான் ஆளை எண்ணிச் சொல்கிறேன்.

கிள்ளானில், காப்பார் சாலையை ஒட்டிய வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர் கணினி முன்னால் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டு முறை குளியலறைக்கு எழுந்து போனார். மூன்றாம் முறை திரும்பி வந்தவரால் நாற்காலியில் சாய முடியவில்லை. முன்னால் குனிந்து மேசையைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சுக்குள் சோறு கொதிப்பது போல் ஒரு சத்தம். பாத்திமா காக் அவர் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

மனோவின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள் (மூச்சுக்காற்று போக வேண்டிய இடத்தில் தண்ணீர் நிற்பது). உடனே இயந்திரத்தில் போட்டார்கள். வெளியே வராந்தா நாற்காலியில் நான் கும்பிட்ட கையைப் பிரிக்கவே இல்லை.

மூச்சு சீரான பிறகு உள்ளே விட்டார்கள்.

"ஏங்க, எவ்வளவு குடிச்சீங்க?"

"குழாயத் திறந்தேன். எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்? அந்த வெயிலு தாங்கல, மல்லி."

"எந்த வெயிலு? ஃபேனுக்கு அடியிலதானே உட்கார்ந்திருந்தீங்க?"

"கேம்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் வருவதில்லை.

நான் ரிமூவ் வகுப்போடு (தமிழ்ப் பள்ளி முடித்து இடைநிலைப் பள்ளிக்குள் நுழையும் முதல் வருடம்) பள்ளியை விட்டவள். மருத்துவம் தெரிந்து எழுதவில்லை. இதே பாடு உள்ள வீடுகளுக்கு ஏதாவது உதவுமா என்றுதான் எழுதுகிறேன். என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். முதலில் அவருக்கு பூட்ஸுக்குள் கால் நுழையாமல் போயிற்று. கால் வீங்கியதைப் புது பூட்ஸ் கடித்தது என்றே நினைத்தோம். பிறகு முகம் வீங்கியது, சாப்பாட்டு வாசனையே குமட்டியது. ரத்தம் எடுத்துப் பார்த்து, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார்கள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் விடுவது). அதற்காக இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்தார்கள். அந்த இடத்தைத் தொட்டால் உள்ளே பூனை உறுமுவது போல் இருக்கும்.

ஊசியை அவர் தாங்கிக்கொண்டார். தாகத்தைத்தான் தாங்க முடியவில்லை. சிறுநீர் பிரியாத உடம்பில் குடித்ததெல்லாம் தங்கிவிடும். அதனால் ஒரு நாளைக்குச் சின்னப் போத்தல் ஒன்று, அவ்வளவுதான். மாத்திரை விழுங்குவதும் ரசமும் அதற்குள் அடக்கம். கிள்ளான் வெக்கையில் அது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாரே என்று மனோ கடையில் கழித்துவிட்ட ஒரு பழைய கணினியைக் கொண்டுவந்து வைத்தான். கூடவே பாசார் மாலாமில், இரவுச் சந்தையில், வாங்கிய ஒரு விளையாட்டு. வாள், குதிரை, மந்திரவாதிகள். மனோவுக்குச் சண்டைதான் பெரிது. என் கணவர் சண்டையே போடமாட்டார். நடந்துகொண்டே இருப்பார். அந்த நாட்டில் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம், போகப் போக வானிலை மாறும். வடக்கே பனி கொட்டும், காலடியில் நொறுங்கும் சத்தம்கூடக் கேட்கும். நடுவில் மழைக்காடு. கிழக்கே எந்நேரமும் மூடுபனி. தெற்கே பாலைவனம், திரையெல்லாம் மஞ்சளாகிக் கானல் ஆடும். நாங்கள் பார்த்த குளிர் கேமரன் மலையோடு சரி.

"மாமா, ஒரு பூதத்தையாவது வெட்டுங்க. சும்மா வாக்கிங் போறீங்க, பென்ஷன்காரர் மாதிரி."

"பூதம் என்னடா பண்ணிச்சு என்னை? நீ சும்மா இருலா."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் அந்தத் திரையைக் கவனிக்கத் தொடங்கினேன். கவலைப்படுகிறவளுக்குக் கண் எங்கேயும் போகும். அவர் பனிநாட்டில் சுற்றிய நாட்களில் சிகிச்சை மையத்தில் எடை அதிகம் ஏறவில்லை. மழைக்காட்டில் இருந்தால் கொஞ்சம் கூடும். தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்கிறதல்லவா. மூடுபனியில் பாதகம் இல்லை. பாலைவனத்தின் ஓரத்தை மிதித்தாலே போதும், மறுநாள் தாதி தராசைப் பார்த்துவிட்டு, "அண்ணே, வீட்டுல கிணறு தோண்டுனீங்களா?" என்று கேட்பாள்.

பாலைவனம் கூடாது என்று நான் சட்டம் போட்டேன். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பாலைவனத்தைத் தாண்டினால் ஒரு துறைமுகப் பட்டணம் இருக்கிறது என்று மனோ சொல்லிவைத்திருந்தான். அதைப் பார்க்க வேண்டும் அவருக்கு. வேலை போனதிலிருந்து அவர் வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான். எனக்கோ அந்தக் கொதிக்கும் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

அடுத்த முறை சிறுநீரக மருத்துவரைப் பார்க்கப் போனபோது கேட்டுவிட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், வயதானவர், குரலை உயர்த்தாதவர்.

"டாக்டர், இவர் பாலைவனத்துக்குப் போகலாமா?"

"டுபாய்க்கோ? வேலைக்கோ? உந்த உடம்போட யார் கூப்பிட்டது?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், பனி, மழை, மூடுபனி, தராசு. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"விளையாடேக்க என்ன கொறிக்கிறவர்?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். உப்புக் கடலைய நான் அப்பவே நிறுத்திட்டேன்."

"நல்லது. உப்புத்தான் முதல் எதிரி. ஆனா தாகம் வாயில மட்டும் இல்லையம்மா, தலையிலயும் இருக்குது. அவர் போகட்டும். டயாலிசிஸ் முடிஞ்ச அடுத்த நாள் காலமை போகட்டும், நீங்கள் பக்கத்தில இருங்கோ. ஐஸ்கட்டி ஒண்டொண்டாக் குடுங்கோ, அதையும் போத்தல் கணக்கில சேருங்கோ. எத்தனை நாளைக்குத்தான் பூட்டி வைக்கப் போறீங்கள்?"

புதன்கிழமை காலை கிளம்பினோம். கிளம்பினோம் என்றுதான் சொல்ல வேண்டும், எனக்கு அப்படித்தான் இருந்தது. அன்றைய போத்தலில் பாதியை முன்னாலேயே ஐஸாக உறைய வைத்திருந்தேன். கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மணல், மணல், மேலே ஈவிரக்கமில்லாத வெள்ளை வானம். பாதி வழியில் மணல்புயல் கிளம்பி ஒன்றும் தெரியாமல் போயிற்று. அவர் நாக்கால் உதட்டைத் தடவினார். ஒரு கட்டி கொடுத்தேன். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நடந்தார். நான் அவர் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்குத் தொண்டை ஒட்டிக்கொண்டது. மெல்ல எழுந்தேன்.

"எங்க போறே?"

"அடுப்பப் பாத்துட்டு வரேன்."

"அடுப்புல ஒண்ணும் இல்லையே. தண்ணி குடிக்கத்தானே? இங்கயே குடி."

அவருக்கு நோய் வந்த நாளிலிருந்து நான் அவர் முன்னால் ஒரு மடக்குக் குடித்ததில்லை. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, குழாய்ச் சத்தம் கேட்காமல், நின்றபடியே குடித்துவிட்டு வருவேன். அதை நன்மை என்றுதான் நினைத்திருந்தேன்.

"கதவச் சாத்திட்டு நீ குடிக்கிறது எனக்குக் கேக்கும் மல்லி. மொடக்கு மொடக்குனு. ஒவ்வொரு தடவையும் கேக்கும். அப்பத்தான் எனக்கு வெறி புடிச்ச மாதிரி ஆவுது. அதுக்கு முன்னாடி இந்த வெயிலு என்னா வெயிலு? கொண்டாந்து என் முன்னாடி உட்கார்ந்து குடி."

ஒரு கிளாஸ் கொண்டுவந்தேன். அவர் முன்னால் உட்கார்ந்து குடித்தேன். அவர் விளையாட்டை நிறுத்திவிட்டு என் தொண்டையையே பார்த்தார். கடைசி மடக்கு வரை பார்த்தார்.

"நல்லா இருக்கா?"

"வெறும் தண்ணிதானேங்க."

"அதான் கேக்குறேன்."

"நல்லா இருக்கு" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் கிண்ணத்திலிருந்து இன்னொரு ஐஸ்கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு திரும்ப மணலில் இறங்கினார்.

துறைமுகம் வந்தபோது அங்கே லேசான தூறல். பாய்மரக் கப்பல்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவர் கரையில் நின்று வெகுநேரம் பார்த்தார். "ஒரு கிரேன்கூட இல்ல. எப்படித்தான் சாமான் எறக்குறானுங்களோ" என்றார். மறுநாள் மையத்தில் தாதி தராசைப் பார்த்துவிட்டுக் கிணற்றுப் பேச்சை எடுக்கவில்லை. ஏறியது ஒன்றரைக் கிலோதான். அவளிடம் நானே இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. குணமாகிவிட்டது என்று எழுத முடியாது. இந்த நோயில் அப்படி ஒன்று இல்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம், தகவல் இல்லை. எங்களுக்குத் திங்கள், செவ்வாய் என்று கிழமை கிடையாது. இயந்திர நாள், நடு நாள், அவ்வளவுதான். தண்ணீர் குடிக்கும்போது அது தொண்டையில் இறங்கி வயிற்றைத் தொடும் வரை எனக்குத் தெரிகிறது. முன்பு அப்படித் தெரிந்ததில்லை. வாசலில் வெயில் ஏறினால் முதலில் என் வாயைத்தான் கவனிக்கிறேன், பிறகுதான் அவர் வாயை. பயம் போய்விடவில்லை. ராத்திரியில் அவர் புரண்டு படுத்தால் எழுந்து மூச்சைக் கேட்கிறேன்.

நோய் வந்த பிறகு அவர் தவணையில் ஒரு பொருளும் வாங்க விட்டதில்லை. துணி துவைக்கும் மெஷின் கேட்டதற்கு, "பாதியில நான் போயிட்டா கடைக்காரன் உன் கழுத்துல உட்காருவான்" என்று மறுத்துவிட்டார். போன தீபாவளி முடிந்து அவரே பஸ் ஏறி மனோவின் கடைக்குப் போனார். பனி இன்னும் தெளிவாகத் தெரியும் என்று கணினிக்குள் பொருத்தும் ஒரு கார்டோடு வந்தார். காசு கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

"பன்னிரண்டு மாசத் தவணை."

"பன்னிரண்டு மாசமா?"

"ஏன், நான் எங்கயாவது போறேனா?"

ஐந்து மாதம் கட்டியிருக்கிறோம். இன்னும் இருநூற்று எண்பது வெள்ளி பாக்கி.