பத்திரமாக இருந்த அட்டை

சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தின வாரம்தான் ஆண்டிமடத்தில் எங்கள் தெருவுக்கு அவர் வந்தார். முந்திரி விவசாயிகள் சங்கத்துக்காரர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அதட்டாத குரல். வீடு வீடாக வாக்காளர் அட்டைகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் இருக்கும் முகத்தைத் தோள்துண்டால் துடைத்துத்தான் பைக்குள் போடுவார். அட்டை இல்லாவிட்டால் பூத்துக்குள் விடமாட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

“சங்கம் யாருக்கு ஆதரவுன்னு சொல்லியாச்சுங்க. ஓட்டுப் போடுற அன்னைக்கு அட்டையக் குடுத்துடுவோம். அதுவரைக்கும் பத்திரமா இருக்கும்” என்றார்.

“நான் வேற ஆளுக்குப் போடணும்னா?” என்று கேட்டேன்.

“அப்ப இன்னும் பத்திரமா இருக்குமுங்க.”

என் அட்டையைத் தரமாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை.

“உங்க வூட்டுக்காரரு காலையிலேயே குடுத்துட்டாருங்க. சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

பையிலிருந்து அதை எடுத்துக் காட்டி, என் முகத்தை இன்னொரு முறை துடைத்தார்.

தேர்தலன்று பூத் இருந்த தெருமுனையில் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு எல்லாருக்கும் கொடுத்தார். நானும் கை நீட்டினேன்.

“உங்களுது பத்திரமா இருக்குங்க” என்றார். பக்கத்தில் நின்ற என் கணவர் தரையைப் பார்த்தார்.

மறுநாள் காலை அவரே வீடு தேடி வந்து, அட்டையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். மரியாதைக் குறைவாக ஒரு சொல் அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.